நேபாளம் நம்மை முந்திவிட்டதா?

கேள்வி: 2020 கணக்கெடுப்பிலேயே சீனாவில் 100-க்கு 64 பேர் நகரவாசிகள். நேபாளத்தில்கூட 66. இந்தியாவில் நாம் 31-லேயே நிற்கிறோம். கும்பகோணம் மாநகராட்சி ஆகியும் என்ன புண்ணியம்? ஆசியாவே நகரத்துக்கு ஓடும்போது டெல்டாக்காரன் மட்டும் ஏன் வயலைக் கட்டிக்கொண்டு அழுகிறான்?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: நேபாளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். 2011-இல் அங்கே நகரவாசிகள் 17 சதவீதம். அப்புறம் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களைச் சேர்த்து ‘நகராட்சி’ என்று பலகை மாட்டினார்கள். 2021 கணக்கெடுப்பில் 66 ஆகிவிட்டது. கிராமத்தில் படுத்தவர் நகரத்தில் எழுந்தார், பாயைக்கூட நகர்த்தவில்லை.

இலங்கையில் தலைகீழ். மாநகர சபை, நகர சபை எல்லைக்கு வெளியே எத்தனை கடை இருந்தாலும் ஏட்டில் கிராமம்தான். 2012 கணக்கில் 18 சதவீதம்.

சீனாவின் 64-ஐயும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். அங்கே யார் எந்த ஊர்க்காரர் என்று அரசு எழுதி வைக்கும் குடிப்பதிவு என்று ஒன்று உண்டு. 2020-இல் நகரப் பதிவு வைத்திருந்தவர்கள் 45 சதவீதம்தான். அந்த 64-இல் மீதிப் பேருக்கு வேலை நகரத்தில், பதிவு ஊரில். பிள்ளையை நகரத்துப் பள்ளியில் சேர்ப்பதே பெரும்பாடு.

இது நமக்குத் தெரியாத கதையா? தீபாவளி முடிந்த ராத்திரி மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் போய் நில்லுங்கள். திருப்பூர் பஸ்ஸில் அரிசி மூட்டை முதலில் ஏறும், அப்புறம் பிள்ளைகள், கடைசியில் அப்பா. ரேஷன் கார்டு ஊரில், ஆள் பனியன் கம்பெனியில். அவர் விட்டுப்போன வயலில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆள் வருகிறது. டெல்டாக்காரன் வயலைக் கட்டி அழுகிறான் என்று யார் சொன்னது?

நம் 31-ம் 2011 கணக்கு. 2021-இல் எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை. ஊராட்சியாக இருக்கிற ஊர் நகரக் கணக்கில் ஏற 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளரில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் நம் பக்கத்து ஊர்கள் தடுக்கி விழுகின்றன.

நகராட்சியில் சேர்க்கிறோம் என்றால் சந்தோஷப்படுகிறார்களா? வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருகிறார்கள். அதில் தப்பும் இல்லை.

சரி, பேரூராட்சி என்றால் இந்த மூன்று சோதனையும் கிடையாது, நேராக நகரம்தான். நீடாமங்கலம் பேரூராட்சி. நீங்கள் குறைபட்டுக்கொள்ளும் அந்த 31-க்குள் ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்கும் நீங்களும் அடக்கம்!