ஒன்பதில் ஒன்றுதான் பாயின்ட்ஸ்

அன்புள்ள ஐயா,

இணையத்தில் நடக்கும் பேண்டஸி பேஸ்கட்பால் (நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி நடத்தும் போட்டி) ஜெனரல் மேனேஜர் லீக் ஒன்றில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. 12 மேனேஜர்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர்களின் நிஜ ஆட்டக் கணக்கு, நிஜ சம்பளம், சம்பள உச்சவரம்பு எல்லாம் உண்டு. யாரோ பாதியில் விட்டுப்போன அணி எனக்குக் கிடைத்தது. வந்தவுடனேயே இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் (புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை) ஓர் இளம் வீரரையும் கொடுத்து நட்சத்திர வீரர் யானிஸ் ஆன்டெட்டோகூன்போவை வாங்கினேன். பாயின்ட்ஸில் எல்லா வாரமும் நான்தான் முன்னால். ஆனாலும் 3–6, 4–5 என்றே தோற்கிறேன். எங்கே தப்பு? இனி என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுடையது ஒன்பது பிரிவு லீக் என்பது 3–6 என்ற கணக்கிலேயே தெரிகிறது. வாராவாரம் இரண்டு அணிகளை ஒன்பது பிரிவுகளில் தனித்தனியே ஒப்பிடுவார்கள், ஐந்தை எடுப்பவருக்கு வெற்றி. பாயின்ட்ஸ், ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை விழ உதவும் பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிராளியின் எறிதலைத் தடுப்பது), த்ரீ பாயின்டர் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை), ஃபீல்ட் கோல் சதவீதம் (ஆட்டத்தினூடே எறிவதில் எத்தனை விழுகிறது), ஃப்ரீ த்ரோ சதவீதம் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி எறிதலில் எத்தனை விழுகிறது), டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது, இது மட்டும் குறைவாக இருப்பவருக்கு வெற்றி). இதில் பாயின்ட்ஸை 200 வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஒரு பிரிவுதான், 2 வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஒரு பிரிவுதான். டி.வி.யில் ஆட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் பிடிபடாதது இதுதான்.

யானிஸை வாங்கியது தப்பில்லை. அவரை வாங்கிய பிறகு மற்ற அணியை அப்படியே விட்டதுதான் தப்பு. 2023–24 சீசனில் அவருடைய ஃபீல்ட் கோல் 61.1%. ஃப்ரீ த்ரோ 65.7%, அதுவும் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் எறிந்தார். கணக்கைப் பாருங்கள். உங்கள் மற்ற வீரர்கள் எல்லோருமாக ஒரு வாரத்தில் 100 எறிந்து 80 போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், 80%. யானிஸ் மூன்று ஆட்டத்தில் 32 எறிந்து 21 போடுகிறார். மொத்தம் 132-க்கு 101, அதாவது 76.5%. எதிரணி சாதாரணமாக 78% எடுத்தாலே அந்தப் பிரிவு போய்விட்டது. ஒரே ஆள், ஒரே வாரம்.

எனவே ஃப்ரீ த்ரோவை மனதாரக் கைவிடுங்கள். ஆடுகிறவர்கள் இதை ‘பன்ட்’ என்பார்கள். கைவிட்ட பிறகு சந்தையே உங்களுக்கு வேறாகத் தெரியும். ரூடி கோபெர் மாதிரி ஃப்ரீ த்ரோவில் சொதப்பும் சென்டர்களை (கூடைக்கு அருகில் ஆடும் உயரமானவர்கள்) மற்றவர்கள் விலை குறைத்தே மதிப்பார்கள். ரீபவுண்ட், பிளாக், ஃபீல்ட் கோல் சதவீதம் மூன்றையும் தருகிற அவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். மாறாக, 90% ஃப்ரீ த்ரோவால் மதிப்புப் பெறுகிற ‘கார்டு’களின் (வெளியிலிருந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்கள்) அந்த மதிப்பு உங்கள் அணியில் வீண். அவர்களைக் கொடுத்து ஸ்டீலும் அசிஸ்ட்டும் தருகிறவர்களை வாங்குங்கள். த்ரீ பாயின்டரையும் சேர்த்துக் கைவிடலாம். மூன்றாவதாக ஒன்றையும் விட்டால் மிச்சம் ஆறில் ஐந்தை ஜெயித்தாக வேண்டும், அது வாராவாரம் நடக்காது. ஃப்ரீ த்ரோவுக்கென்று ஒரு நல்ல ஷூட்டரையும் வைத்துக்கொண்டு, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றால் இரண்டும் கெட்டுப்போகும்.

ஆட்ட எண்ணிக்கையைப் பார்க்கிறீர்களா? பெரும்பாலான வாரங்களில் ஓர் என்.பி.ஏ. அணிக்கு 2 முதல் 4 ஆட்டம். ஆட்டத்துக்கு 6 ரீபவுண்ட் எடுப்பவர் 4 ஆட்டத்தில் 24 தருவார். 9 எடுப்பவர் 2 ஆட்டத்தில் 18தான். பெஞ்சின் கடைசி இடம் ஒன்றை இதற்காகவே வைத்து, வாரத்துக்கு வாரம் ஆளை மாற்றுங்கள். ஆட்டம் கூடக்கூட டர்ன்ஓவரும் கூடும், அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காயப்பட்டியலை ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்பும் ஒருமுறை பார்க்க வேண்டும். அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருந்தால் மூத்த வீரர்களில் ஒருவரை ஒரு நாள் உட்காரவைப்பது சகஜம்.

இனி பணம். சம்பளம் நிஜமானது என்றால் முதல் சுற்றில் வந்த புது வீரர்தான் புதையல். விக்டர் வெம்பன்யாமா 2023–24-ல் ஆட்டத்துக்கு 3.6 பிளாக் எடுத்து என்.பி.ஏ.விலேயே முதலிடம். அந்த வருடம் அவர் சம்பளம் சுமார் 1.2 கோடி டாலர். மூத்த நட்சத்திரம் ஸ்டெஃபன் கரிக்கு சுமார் 5.2 கோடி. முதல் சுற்று ஒப்பந்தம் நான்கு வருடம் வரை போகும், கடைசி இரண்டு வருடம் அணியின் விருப்பம். நீங்கள் இரண்டு உரிமைகளைக் கொடுத்துவிட்டீர்கள், போகட்டும். இருப்பதை இனி தொடாதீர்கள். 2013-ல் புரூக்ளின் அணி வயதான கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் வாங்க மூன்று முதல் சுற்று உரிமைகளையும், 2017 டிராஃப்ட் வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. 2016-ல் பாஸ்டனுக்கு ஜெய்லன் பிரவுன் வந்தது அந்த வழியில்தான். 2017-ல் கைக்கு வந்த முதல் இடத்தைக் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு இறங்கி ஜேசன் டேட்டமையும் எடுத்தார்கள்.

விட்டுப்போன அணியை எடுத்தவர் முதலில் படிக்க வேண்டியது ஒப்பந்தம் முடியும் வருடங்களை. அதோடு, ஒருவரை விடுவித்தால் அவர் சம்பளம் உங்கள் கணக்கிலேயே நிற்குமா என்ற விதியையும். புதியவர் வந்தால் முதல் இரண்டு வாரம் டிரேட் (வீரர் பரிமாற்றம்) கேட்டு வரிசையில் வருவார்கள். பெரும்பாலும் ‘உன் ஒருவருக்கு என் இருவர்’ என்றுதான் கேட்பார்கள். இருவர் வந்தால் உங்கள் அணியில் இன்னொருவர் வெளியே போக வேண்டும். அவரையும் சேர்த்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

லீக்கின் பிளேஆஃப் மார்ச் கடைசியில் வருமானால் இப்போதே நிஜ அட்டவணையை எடுங்கள். தோற்றுப்போன அணிகள் அந்த நேரத்தில் மூத்தவர்களை உட்காரவைத்து இளைஞர்களுக்கு நிமிடங்களைக் கொடுக்கும். அந்த இளைஞர்களை டிசம்பரில் வாங்கினால் மலிவு, மார்ச்சில் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

அன்புடன்