திரையில் தன்பாலீர்ப்பாளர்கள்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வெகுமக்கள் படங்களிலும் கதைகளிலும் வரும் தன்பாலீர்ப்புப் பாத்திரங்களை, அதாவது தம் பாலினத்தவரையே காதலிக்கும் பாத்திரங்களைப் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தோம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் தமிழர்களாகிய நாம் பாலக்காட்டில் மலையாளப் படமும் பொள்ளாச்சியில் தமிழ்ப் படமும் பார்ப்பவர்கள் என்பதால் இரண்டு மொழிப் படங்களையும் சேர்த்தே பேசுகிறேன். பழைய படங்களின் முடிவுகளை மறைக்கப்போவதில்லை. பாத்திரத்தை வைத்து நடிகரின் சொந்த வாழ்க்கையை ஊகிக்கும் கேள்விகளை அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

மாஷே (ஆசிரியரே), மலையாளத்தில் இத்தகைய பாத்திரம் மம்மூட்டியின் 'காதல் தி கோர்' படத்தில்தான் முதலில் வந்ததா? (கல்லூரி மாணவி, கோபாலபுரம்)

இல்லையம்மா. வி. டி. நந்தகுமாரின் 'ரண்டு பெண்குட்டிகள்' நாவல் 1974இல் வெளிவந்தது. 1978இல் இயக்குநர் மோகன் அதைப் படமாக்கினார். பள்ளிப் பருவத்து மயக்கம் கல்யாணத்தோடு கலைந்துவிடும் என்ற தோரணையில் அந்தப் படம் கதையை முடித்துக்கொண்டது. அடுத்து, 1986இல் பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்ல' வந்தது. சாலி, நிம்மி என்ற இரு பள்ளி மாணவிகள் சுற்றுலாவின்போது ஓடிப்போய் வேறு பெயர்களில் வாழப் பார்க்கிறார்கள். காதல் என்ற சொல்லைப் படம் அவர்கள்மேல் எங்குமே ஒட்டுவதில்லை. ஆயினும் நிம்மியின் மனம் மோகன்லால் ஏற்ற பாத்திரத்தின்பால் சாயும்போது சாலியின் முகத்தில் தெரியும் தவிப்பைத் தோழமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அன்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்டிப்பான பள்ளிக்கு எதிரான வீம்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். இன்று உங்கள் வயதினர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, "இதில் என்ன சந்தேகம், இது காதல்தானே" என்கிறார்கள். படத்தில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. பார்ப்பவர்களின் கண்தான் மாறியிருக்கிறது.

அந்தப் படத்தின் முடிவில் இருவரும் இறந்து கிடக்கிறார்கள். 2004இல் லிஜி புல்லப்பள்ளி எடுத்த 'சஞ்சாரம்' இதே போன்ற இரு பெண்களின் கதைதான் என்றாலும், அதன் நாயகி கிரண் சாவின் விளிம்புவரை போய்விட்டு உயிரோடு இருப்பதென்று முடிவெடுக்கிறாள். திரையரங்குகளில் பெரிதாக ஓடாத அந்தப் படத்தை நான் முக்கியமானதாகக் கருதுவதற்கு அந்த முடிவே காரணம். இத்தகைய பாத்திரம் சாகும்போது உச்சுக்கொட்டுவது பார்வையாளருக்கு எளிது. அது சாகாமல் அடுத்த நாள் காலையில் எழுந்து நம் தெருவிலேயே நடமாடும்போதுதான் அவருக்குச் சங்கடம் தொடங்குகிறது.

அப்படிப்பட்ட வேடத்தில் நடிக்க ஒப்புக்கொண்டவருக்குள் ஏதேனும் இருக்கத்தானே செய்யும்? (பெயர் வேண்டாம், கொல்லங்கோடு)

கொலைகாரனாக நடித்தவர் வீட்டுக்குப் போலீசை அனுப்புவீர்களா? அடுத்த கேள்விக்குப் போகலாம்.

தியேட்டரில் இந்தப் பாத்திரங்கள் வந்தாலே ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள்? (இளைஞர், வேலந்தாவளம்)

தம்பி, நல்ல கேள்வி. சிரிப்பு தானாக வருவதில்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்று படம்தான் சொல்லித்தருகிறது. அந்தப் பாத்திரம் நுழையும்போது பின்னணியில் ஒரு கேலி இசை ஒலிக்கும். உடனிருக்கும் நகைச்சுவை நடிகர் முகத்தைச் சுளித்து ஓரடி பின்வாங்குவார். கேமரா பாத்திரத்தை விட்டுவிட்டு அந்தச் சுளிப்பைக் காட்டும். பார்வையாளர் சிரிப்பது அந்தச் சுளிப்பைப் பார்த்துத்தான். அடுத்த முறை படம் பார்க்கும்போது கேமரா யார் முகத்தில் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

2005இல் வந்த 'சாந்துபொட்டு' மலையாளத்தில் நன்றாக ஓடிய படம். பாட்டியால் பெண்பிள்ளை போல வளர்க்கப்பட்ட ராதா என்ற பாத்திரத்தில் திலீப் நடித்தார். ராதா தன்பாலீர்ப்பாளன் அல்லன். அவன் காதலிப்பது ஒரு பெண்ணைத்தான். ஆனால் பெண்மை கலந்த நடையும் தன்பாலீர்ப்பும் ஒன்றே என்ற குழப்பத்தை அந்தப் படம் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டது. படத்தின் பெயரே பள்ளிக்கூடங்களில் வசைச்சொல்லாயிற்று. அந்தப் பெயரால் ஆண்டுக்கணக்கில் அழைக்கப்பட்ட பையன்கள் இன்றும் அதைச் சொல்லி வருந்துகிறார்கள். பின்னாளில் முன்னணி நடிகை ஒருவர், தாம் சார்ந்த திரைத்துறைக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார்.

சிரிப்பு திசைமாறுவதும் உண்டு. வெங்கட் பிரபுவின் 'கோவா' (2010) முழுக்க முழுக்கக் கேலிக்கூத்துப் படம்தான். அதில் சம்பத் ராஜும் அரவிந்த் ஆகாஷும் டேனி, ஜாக் என்ற இணையராக வருகிறார்கள். பொள்ளாச்சியில் நான் பார்த்த காட்சியில், டேனியின் கொஞ்சலுக்கு விசிலடித்துக்கொண்டிருந்த முன்வரிசைப் பையன்களில் ஒருவன், டேனி பொறாமையில் வாடியதும் பக்கத்திலிருந்தவனிடம், "பாவம்டா அவன்" என்றான். கணவன் மனைவிச் சண்டையைப் போலவே அந்த ஊடலையும் படம் காட்டியதால் அவனுக்கு அது பிடிபட்டுவிட்டது. இவ்வளவு கனமில்லாத ஒரு படம் இதைச் சாதித்ததை நம் விமர்சகர்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியானதுதானே? (வியாபாரி, மீனாட்சிபுரம்)

இரு பெண்களின் நெருக்கத்தைப் பேசும் 'லிஹாஃப்' என்ற உருதுக் கதையை இஸ்மத் சுக்தாய் எழுதியது 1942இல். ஆபாசம் என்று வழக்குப் போட்டு அவரை லாகூர் நீதிமன்றத்துக்கு வரவழைத்தார்கள், வழக்கு நிற்கவில்லை. நம் பக்கத்து மாவட்டமான திருச்சூரின் புன்னயூர்க்குளத்தில் பிறந்த மாதவிக்குட்டி, இரு பெண்களின் காதலை 'சந்தன மரங்கள்' என்ற குறுநாவலாக 1988இல் மலையாளத்தில் எழுதினார். இவர்கள் எந்த மேல்நாட்டிலிருந்து இறக்குமதி செய்தார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உண்மையில் அங்கிருந்து வந்தது, இதைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு. அது 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. வயதுவந்தோர் மனமொத்து உறவுகொள்வதற்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 2018 செப்டம்பர் 6.

'காதல் தி கோர்' படத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். ஓமனாவின் வாழ்க்கையைப் பாழாக்கிய மனிதனுக்காக நான் ஏன் அழ வேண்டும்? (ஆசிரியை, நல்லேப்பிள்ளி)

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜியோ பேபி இயக்கி, மம்மூட்டி தாமே தயாரித்து நடித்த இந்தப் படம் 2023 நவம்பர் 23இல் வெளியானது. ஒரே பாலினத்தவரின் திருமணத்தைச் சட்டப்படி ஏற்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அப்போது ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற மாத்யூ தேவஸ்ஸி இடதுசாரி வேட்பாளராக உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கும் வேளையில், அவன் மனைவி ஓமனா மணமுறிவு கேட்டு வழக்குத் தொடுக்கிறாள். தங்கன் என்ற ஓட்டுநர் பயிற்சியாளனோடு மாத்யூவுக்கு உள்ள உறவையே அவள் காரணமாகக் காட்டுகிறாள். ஓமனாவாக ஜோதிகா நடித்ததால் நம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்தன.

உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அது படத்துக்கு எதிரானது அன்று. படமே அந்தக் கோபத்திலிருந்துதான் தொடங்குகிறது. வழக்குப் போடுபவள் ஓமனா. மகனின் இயல்பு தெரிந்தே கல்யாணம் செய்துவைத்ததைக் கடைசியில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்பவர் மாத்யூவின் தந்தை. இருவரின் வாழ்வையும் ஒருசேரப் பிடித்து வைத்திருந்தது அந்தக் கல்யாணம்தான் என்பதே படத்தின் வாதம். மாத்யூ உடைந்து "என்றெ தெய்வமே" என்று கதறும் காட்சியில் அவன் பற்றிக்கொண்டிருப்பது ஓமனாவைத்தான் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

மேலேயுள்ள கேள்விக்கு மறுப்பு: ஊருக்கே தெரியும்படி தேர்தல் நேரத்தில் வழக்குப் போட்டதுதான் தவறு. நான்கு சுவருக்குள் முடித்திருக்கலாம். (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வண்ணாமடை)

நான்கு சுவருக்குள்தான் ஐயா இருபது ஆண்டுகள் முடித்துப் பார்த்தாள்.

என் பெண் இணையத்தில் தாய்லாந்து ஆண்–ஆண் காதல் தொடர்களாகப் பார்த்துக் குவிக்கிறாள். கவலைப்பட வேண்டுமா? (தாயார், சித்தூர்)

தூக்கம் கெடுகிறது என்றால் கவலைப்படுங்கள், கதைக்காக வேண்டாம். இந்த வகையின் வேர் 1970களின் ஜப்பானியச் சிறுமியர் படக்கதைகளில் இருக்கிறது. ஹாகியோ மோட்டோ, தாகேமியா கெய்கோ போன்ற பெண்கள், பெண் வாசகர்களுக்காகவே இரு பையன்களின் காதலை வரைந்தார்கள். கதையில் பெண்ணே இல்லாததால், அடங்கிப்போக வேண்டிய நாயகியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் தொல்லை வாசகிக்கு இல்லை என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. தாய்லாந்து இதைப் பெரிய ஏற்றுமதித் தொழிலாகவே வளர்த்துவிட்டது. 2025 ஜனவரி 23 முதல் அங்கே ஒரே பாலினத் திருமணமும் சட்டப்படி செல்லும். சீனாவில் கதை வேறு: 2019இல் வந்த 'தி அன்டேம்ட்' தொடர், மூல நாவலின் காதலர்களைத் தணிக்கைக்கு அஞ்சி உற்ற நண்பர்களாக்கியது. பார்வையாளர்கள் காதலைத் தாங்களாகவே நிரப்பிக்கொண்டு பார்த்தார்கள். உங்கள் மகளிடம் அந்தத் தொடர்களைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவள் எனக்கும் பாடம் எடுப்பாள் என்று தோன்றுகிறது.

இது நம் பண்பாட்டில் உண்டா? (மூன்று பேர், மூன்று ஊர்கள்)

மீனாட்சிபுரம் வியாபாரிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வில்லனாகக் காட்டினால் மட்டும் ஏன் யாரும் எதிர்ப்பதில்லை? (பெயர் வேண்டாம், கோவிந்தாபுரம்)

எதிர்த்தவர்கள் உண்டு, அவர்கள் குரல் விசில் சத்தத்தில் கேட்கவில்லை. 'வேட்டையாடு விளையாடு' (2006) படத்தில் இரு கொலைகாரர்களின் நெருக்கத்தைக் குறிப்பாகக் காட்டி, அதையும் அவர்கள் வக்கிரத்தின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். 2022இல் வந்த மோகன்லாலின் 'மான்ஸ்டர்' படத்தில் கொலை செய்யும் இணையர் பெண்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 'மான்ஸ்டர்' போன்ற படமும் வளைகுடா நாடுகளில் தடையைச் சந்தித்தது, 'காதல் தி கோர்' படமும் குவைத்திலும் கத்தாரிலும் வெளியாகவில்லை. இழிவாகக் காட்டினாலும் கண்ணியமாகக் காட்டினாலும் அங்கே கதவு அடைபடும். மலையாளப் படத்தின் வருவாயில் வளைகுடாவின் பங்கு பெரிது என்பதால், தயாரிப்பாளர் ஒருவர் இந்தக் கதையைத் தொடும்போதே அந்த நட்டத்தையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாஷ் எனக்குப் பதில் சொல்லவில்லை. சமூகத்தின்மீது பழிபோட்டு மாத்யூவைத் தப்பவிடுகிறீர்கள். (மீண்டும் நல்லேப்பிள்ளி ஆசிரியை. இவரை ஆதரித்து ஐந்து மடல்களும் எதிர்த்து ஏழு மடல்களும் வந்துள்ளன.)

டீச்சர், தப்பவிடவில்லை. அவன் ஓமனாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்தைப் படம் மறைக்கவும் இல்லை. ஆனால் இந்தப் பன்னிரண்டு மடல்களிலும் ஒருவர்கூடத் தங்கனைப் பற்றிக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? மாத்யூவுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது, கட்சி இருக்கிறது, கடைசியில் தேர்தல் வெற்றியும் கிடைக்கிறது. தங்கனிடம் இவற்றில் ஒன்றுமில்லை. ஊர்க் கேலியில் பெரும்பங்கைச் சுமப்பவன் அவன். அவன் வீட்டுப் பையன்வரை அது நீள்கிறது. மாத்யூவும் தங்கனும் நேருக்கு நேர் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் ஒரு காட்சியைக்கூடப் படம் தரவில்லை. நட்சத்திரத்தின் ரசிகர்கள் முகம் சுளித்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கை அந்தத் தூரத்தில் தெரிகிறது. அந்த ஆண்டின் கேரள மாநிலச் சிறந்த பட விருது இதற்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். இருந்தாலும் இந்தக் குறையைச் சொல்லாமல் புகழ முடியாது. தமிழ்ப் படங்களில் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) இவ்வகையில் துணிச்சலானது. அதில் வரும் தன்பாலீர்ப்பு இணையர் நாடகக் குழுவில் மற்றவர்களைப் போலவே சண்டை போடுகிறார்கள், ஒத்திகை பார்க்கிறார்கள்.

ஓமனா குறித்து மேலும் வரும் மடல்களைத் தனியாகத் தொகுத்து அடுத்த மாதம் தருகிறேன். இன்று இது போதும்.

என் அடுத்த வீட்டுப் பையன் அப்படித்தான் என்று நினைக்கிறேன். எந்தப் படத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்வான்? (எலப்புள்ளி)

நடிகரையே ஊகிக்காதீர்கள் என்று சொன்னவன் பக்கத்து வீட்டுப் பையனை ஊகிக்க உதவுவேன் என்று எப்படி நினைத்தீர்கள்? படத்தை நீங்கள் பாருங்கள். பையனை விட்டுவிடுங்கள்.

ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். நாயகன் தன்பாலீர்ப்பாளன், முடிவில் ரயில் முன் பாய்கிறான். அனுப்பலாமா? (இளைஞர், கொழிஞ்சாம்பாறை)

அனுப்புங்கள் தம்பி. அதற்கு முன் சிலவற்றை முடிவுசெய்துகொள்ளுங்கள். அவன் என்ன வேலை பார்க்கிறான்? நெல் அறுவடைக்கு ஆள் கிடைக்காதபோது அப்பா அவனைக் கூப்பிடுவாரா? வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிறவன், தன் காதலை எந்த மொழியில் சொல்லுவான்? இவற்றுக்கெல்லாம் பதில் தெரிந்த பிறகும் அவன் ரயில் முன்தான் பாய்வான் என்றால் அந்த முடிவோடே அனுப்புங்கள். பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். கையெழுத்துப் பிரதியானால் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள்.