பையரின் நடத்தை விதிகளில் கையெழுத்திடும் முன்…

கேள்வி: திருப்பூரில் 40 தையல் மெஷின்களை வைத்து ஜாப் ஒர்க் (பிற நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) செய்து வருகிறேன். எனக்கு ஆர்டர் தரும் ஏற்றுமதி நிறுவனம், வெளிநாட்டு பையரின் (ஆடைகளை வாங்கும் நிறுவனத்தின்) ‘சப்ளையர் நடத்தை விதிகள்’ என்ற ஆவணத்தில் கையெழுத்துக் கேட்கிறது. தொழிலாளர்களை முறையாக நடத்துவதற்காகத் தரப்படும் எஸ்.ஏ. 8000 சான்றிதழை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தீராது. பாகிஸ்தானின் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை அந்தச் சான்றிதழைப் பெற்ற சில வாரங்களிலேயே, 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்து எரிந்தது. வெளியேற வழியில்லாமல் 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். தேதி குறித்துக்கொண்டு தொழிற்சாலையைச் சோதிக்க வரும் ஆடிட்டர் அன்றைக்குத் திறந்திருக்கும் கதவைத்தான் பார்க்க முடியும், மறுநாள் இரவு ஷிப்டில் அது பூட்டப்படுவதை அங்கே தைத்துக்கொண்டிருப்பவர்தான் அறிவார்.

உங்களிடம் வந்திருக்கும் ஆவணத்தில் பெரும்பாலும் என்ன இருக்கும் என்பதை ஊகிக்கலாம். குழந்தைத் தொழிலாளர் கூடாது, யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வழக்கமான வேலை வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும், சங்கம் சேருவதைத் தடுக்கக் கூடாது என்பவற்றில் பல ஏற்கெனவே நம் நாட்டுச் சட்டத்தில் உள்ளவைதான். கவனமாகப் படிக்க வேண்டியது, அனுமதியின்றி வேலையை வெளியே கொடுக்கக் கூடாது என்ற பிரிவை. அவசரத்துக்குப் பக்கத்து யூனிட்டில் தைத்து வாங்கும் பழக்கம் நம் ஊரில் சாதாரணம் என்றாலும், அது தெரியவந்தால் ஆர்டரே ரத்தாகலாம்.

விதிகள் உண்மையில் வேலை செய்யும் முறை வேறு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண்ணை அங்கிருந்த மேற்பார்வையாளர் கொன்றதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் நடத்திய போராட்டத்தின் பலனாக, 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ உருவானது. ஆலையை நடத்திய நிறுவனம் சங்கத்தோடும் அதற்குத் துணைநின்ற தொழிலாளர் அமைப்புகளோடும் கையெழுத்திட்டது. பையர்களான ஹெச் அண்ட் எம் நிறுவனமும், பின்னர் கேப், பி.வி.ஹெச். நிறுவனங்களும் தனி ஒப்பந்தங்களால் கட்டுப்பட்டன. பாலியல் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் வேலைத் தளத்திலேயே கவனித்துப் புகாராக எடுத்துச் செல்வதற்கு அங்கே தொழிலாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டரில் கைவைக்கும் கடமையை அது பையருக்கு விதித்தது. வெறும் விதிப் புத்தகத்தில் இல்லாத பல் இந்த ஒப்பந்தத்துக்கு இருந்தது. 2013இல் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு வங்கதேசத்தில் கையெழுத்தான தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தமும், சங்கங்களும் பையர்களும் சட்டப்படி கட்டுப்பட்ட ஒன்றே.

ஆகவே கையெழுத்திடுங்கள், ஆனால் பையர் சாம்பிள் ஒப்புதலைத் தாமதமாகத் தந்துவிட்டு ஷிப்மென்ட் தேதியை மட்டும் மாற்ற மறுத்தால் ஓவர்டைம் வரம்பைக் காப்பது கடினம் என்பதை ஏற்றுமதி நிறுவனத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். பீஸ் ரேட் (ஓர் ஆடைக்கான தையல் கூலி) பேசும்போதே இரட்டிப்புக் கூலியையும் கணக்கில் சேருங்கள். விதியைப் பையர் எழுதி, செலவை மட்டும் ஜாப் ஒர்க்காரர் சுமப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

கேள்வி: அதே ஆவணங்களில் சாயக்கழிவு பற்றியும் கேட்கிறார்களே, அது எதற்கு?
- ஒரு வாசகி, ஒரத்துப்பாளையம்

பதில்: உங்கள் ஊர் அணையே அதற்குச் சான்று. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அது, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகி, கீழ்ப்பகுதி விவசாயிகளை நீதிமன்றப் படியேற வைத்தது. பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு ஏராளமாகத் தேவை. பழைய சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தனவே தவிர, கரைந்த உப்பை நீக்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு வந்த பிறகே அவை மீண்டும் இயங்கின. இன்று கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி, எஞ்சியதை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீட்கிறார்கள். மின்சாரமும் விறகும் நிறையச் செலவாகும் இந்த வேலையின் விலை சாயக் கூலியில் ஏறுகிறது. மீட்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் குவிகிறது. எனவே பையரின் படிவத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரை எழுதுவதோடு, அந்த உப்பு எங்கே போகிறது என்பதற்கான பதிவேட்டையும் பட்டறையில் கேட்டு வாங்குவது அவசியம்.