கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கடலோரமாகப் படகில் போன அனுபவம் உண்டா?

உண்டு. எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து பழவேற்காட்டுக்கு மூன்று வருடமாக மே மாதத்தில் போய்வருகிறோம். சித்தப்பாவின் ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் எஞ்சின். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், சித்தப்பா, அவரோடு தொழிலுக்குப் போகும் ஒரு அண்ணன். கடல்வழி இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், கடலில் நெரிசல் இருக்காது. ஃபைபர் படகுக்குத் தடை இல்லை. பள்ளிக்கூடமும் லீவு.

விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவோம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை உடையும். சித்தப்பா எஞ்சினை அடக்கி வைத்துக்கொண்டு இரண்டு மூன்று அலையை விடுவார். அப்புறம் சட்டென்று முடுக்குவார். அந்த ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டோம். தாண்டிவிட்டால் கடல் தட்டையாகிவிடும்.

காமராஜர் துறைமுகத்தையும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தையும் நன்றாக வெளியே விலகிச் சுற்ற வேண்டும். கப்பல் வந்தால் அது போகும்வரை காத்திருப்போம்.

எனக்கு மிகப் பிடித்தது வழியில் வரும் ஒரு பார். கடலடியில் பாறை, மீன் கூடும் இடம். மேலே பார்த்தால் வெறும் தண்ணீர்தான்; கரையில் தெரியும் அடையாளங்களை வைத்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். சித்தப்பா என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அங்க பாரு கண்ணு, அந்தச் சிம்னிக்குப் பின்னால தண்ணித்தொட்டி மறையுதா? இப்ப தெக்கால திரும்பு, கோயில் கோபுரமும் அந்த மாடி வீடும் ஒண்ணாச் சேரணும்" என்றார். படகு மெதுவாக நகர நகர, தொட்டி சிம்னிக்குப் பின்னால் ஒளிந்தது. கோபுரமும் வீடும் சேர்ந்தன. "இங்கதான்" என்று கத்தினாள். தூண்டில் போட்டதும் பாரை மீன் ஏறியது. ஜிபிஎஸ் கருவியும் படகில் இருக்கிறது; சித்தப்பா முதலில் பார்ப்பது கரையைத்தான்.

கோடையில் பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்ளும். அதனால் லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையிலேயே படகை ஏற்றிவிட்டு அத்தை வீட்டுக்கு நடந்துவிடுவோம். மதியம் நண்டுக் குழம்பு. சாயங்காலம் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம்: 1600களில் இங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள். வாசல் தூணில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.

திரும்புவதும் விடியலில்தான். இரண்டாவது வருடம் அத்தை இட்லி சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றதில் ஒன்பது மணி ஆகிவிட்டது. எண்ணூர் நெருங்கும்போது தெற்குக் காற்று வலுத்து, முகத்துவாரத்தில் ஒரு அலை உள்ளே கொட்டியது. கணுக்கால் வரை தண்ணீர். அண்ணன் வெட்டிய பிளாஸ்டிக் கேனால் மொண்டு மொண்டு ஊற்றினார், சின்னவன் என் கழுத்தை விடவே இல்லை. அன்றிலிருந்து இட்லி பொட்டலமாகத்தான் வருகிறது.

ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையில் யாராவது "வா சார், ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். கடல் தெரிந்த சொந்தக்காரர் படகில் இருக்க வேண்டும், ஆள் கணக்கு குறைவாக இருக்க வேண்டும், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். சித்தப்பா அதைச் 'சட்டை' என்பார். "மொதல்ல சட்டை, அப்புறம் கயிறு" என்று சொல்லிவிட்டுத்தான் படகை அவிழ்ப்பார். இந்த மூன்றும் அமையாவிட்டால் கரையிலேயே இருங்கள்.

இந்த வருடம் அந்தப் பார் இருக்கும் இடத்தை என் மகளே கண்டுபிடிக்க வேண்டுமாம், யாரும் வாய் திறக்கக் கூடாதாம். சித்தப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். நோட்டில் சிம்னியையும் தொட்டியையும் வரைந்து வைத்திருக்கிறாள்.