பழைய கட்டடம் எரிவதையும், எரிந்த பிறகு அது நிற்கும் கோலத்தையும் நேரில் படம் எடுத்த அனுபவம் உண்டா?

உண்டு. ஆனால் கேட்டவர் மனதில் இருப்பது குளிர்நாட்டுப் படங்கள் என்று கேள்வியின் விளக்கத்திலிருந்து தெரிகிறது. எடுக்கும் தொழில்நுட்பத்தையும் சொல்லச் சொல்லியிருக்கிறார். பீய்ச்சிய தண்ணீர் உறைந்துபோய், கரிந்த கட்டடம் கண்ணாடிச் சட்டை போட்டதுபோல் நிற்குமே, அந்த வகை. 1912 ஜனவரி 9-ஆம் தேதி நியூயார்க்கில் எக்விட்டபிள் காப்புறுதி நிறுவனத்தின் கட்டடம் எரிந்தபோது எடுத்த படங்கள் அதில் பேர்போனவை. நான் இருப்பது மலேசியாவின் பினாங்கில். இங்கே ஜனவரி என்றால் மழை ஓய்ந்து, கூரையும் மரமும் காய்ந்து கிடக்கிற மாதம். பனிக்கட்டிக்கு நான் எங்கே போக?

என் கதை ஒரு மார்கழி விடியலில், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் எரிந்த ஒரு பழைய கடைவீட்டை, அதாவது கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கட்டிய வீட்டைப் பற்றியது. கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவிதான் ஜன்னலைத் திறந்துவிட்டு, “என்னங்க, புகை வாடை வருது” என்றாள். கேமராவைத் தூக்கிக்கொண்டு மோட்டாரில் ஓடினேன். போய்ச் சேர்ந்து முதல் படம் எடுத்தால் திரை முழுக்கப் பால் ஊற்றினாற்போல் வெள்ளை. இரவெல்லாம் ஏர்கோன் அறையில் சில்லிட்டுக் கிடந்த லென்ஸ், வெளியே வந்ததும் ஆவி பிடித்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி பிடித்தது. தீ கூரையைத் தொட்ட அந்தப் பத்து நிமிடமும் நான் சட்டை முனையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இதே தொல்லை தலைகீழாக வரும். அவர்கள் பனியிலிருந்து சூடான வீட்டுக்குள் நுழையும்போது கேமராவைப் பையில் போட்டு இறுக மூடிவைப்பார்கள். நான் அன்றிலிருந்து கேமராவைக் கூடத்து அலமாரியில்தான் வைக்கிறேன்.

பொம்பா (இங்கே தீயணைப்புப் படைக்கு அதுதான் பெயர்) எனக்கு முன்பே வந்து தெருவை அடைத்திருந்தார்கள். எதிர்வரிசை அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையில், ஒரு தூணோடு ஒட்டி நின்றேன். இந்தக் கடைவீடுகளில் இரண்டு பக்கமும் தடித்த செங்கல் சுவர், நடுவில் எல்லாம் மரம்: மாடித் தளம், படிக்கட்டு, கூரைச் சட்டம். நடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட திறந்த முற்றம் தீப்பிடித்தால் புகைபோக்கியாகிவிடும். கூரையில் ஓடுகள் சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பவைதான். சட்டம் எரிந்ததும் வரிசை வரிசையாகச் சரிந்தன, சமையலறையில் தட்டு அடுக்கு கவிழ்ந்தாற்போல. அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. படத்தில் அது வராது.

தொழில்நுட்பம் கேட்டிருந்தீர்கள். சுற்றிலும் இருட்டு, நடுவில் தீ என்றால் கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; தீ வெறும் வெள்ளைப் பொட்டலமாக வரும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). பனியும் பனிக்கட்டியும் உள்ள இடத்தில் இதற்கு நேர்மாறு, கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை சாம்பலாகிவிடும். நான் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் 1/250 நொடி வைத்தேன். புகையில் ஆட்டோஃபோகஸ் அலையும் என்பதால் கடைப் பெயர்ப்பலகையின் விளிம்பில் கையால் குவித்து நிறுத்திவிட்டேன். நிறச் சமநிலையைப் பகல் வெளிச்சத்துக்குப் பூட்டுங்கள். தானாக விட்டால் தீயின் மஞ்சளைத் திருத்துகிறேன் பேர்வழி என்று கெடுத்துவிடும். இவ்வளவு போதும். தீயைப் படமெடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எதிர்வரிசையில் கைபேசியோடு நின்ற முப்பது பேரும் என் படத்தைவிட மோசமாக ஒன்றும் எடுக்கவில்லை.

பெரிய வேலை மறுநாள் காலையில் தொடங்கியது.

எரிந்த வீட்டின் மாடி பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. இந்த ஊர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும். வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997-ல் வந்து, 2000 பிறந்ததும் கட்டுப்பாடு முழுதாக விலகியது. வாடகை ஏற, குடியிருந்தவர்கள் கிளம்ப, எத்தனையோ மாடிகள் புறாவுக்கும் கரையானுக்கும் போயின. 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் ஏறிய பிறகு பல வீடுகள் ஹோட்டலாகவும் காபிக் கடையாகவும் மினுங்குகின்றன. இது அந்தப் பாக்கியம் வாய்க்காத வீடு.

பக்கத்து வீட்டுக் கீழ்த்தளத்தில் தையல்கடை வைத்திருந்தவர் ஒரு வயதான பாய். சுவர் தீயைத் தடுத்துவிட்டது, தண்ணீரையும் புகையையும் தடுக்கவில்லை. கறுப்புத் தண்ணீர் கணுக்கால் வரை நிற்க, துணிக்கட்டுகள் ஊறிப்போய் மேசையில் சாய்ந்திருந்தன. என் கேமராவைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

“தம்பி, என் மூஞ்சிய எடுக்காதீங்க. கடைய எடுங்க. இன்சூரன்ஸ்காரனுக்குக் காட்டணும்.”

“சரி பாய்.”

அப்படித்தான் அழகுப் படத்தை விட்டுவிட்டுக் கணக்குப் படத்துக்கு வந்தேன். ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று எடுத்தேன். அளவு தெரிய அவருடைய மஞ்சள் அளவுநாடாவையே பக்கத்தில் தொங்கவிட்டேன். ஹேங்கரில் தொங்கிய சட்டைகளில் தோள்பட்டை மட்டும் கறுத்திருந்தது. அதற்குக் கீழே துணி பளிச்சென்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றியபோது பின்னால் முழு வட்டமாக ஒரு வெள்ளை. பாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். புகைக்கரியில் எண்ணெய்ப் பசை இருக்கும், லென்ஸைத் துணியால் துடைத்தால் இழுவிவிடும். முதலில் ஊதித் தள்ள வேண்டும். அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது. முகக்கவசம் இல்லாமல் அரைமணி நேரம் நின்றதற்கு இரண்டு நாள் மூக்கைக் கறுப்பாய்ச் சிந்தினேன்.

எரிந்த வீட்டுக்குள் நான் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள். உத்திரங்கள்தான் இரண்டு சுவரையும் பிடித்து நிறுத்துகிறவை. அவை எரிந்துபோனால் சுவர் தனியாக நிற்கும், எப்போது சாயும் என்று அதற்கே தெரியாது. சில வாரம் கழித்து முட்டுக் கொடுத்த பிறகு, பழுதுபார்க்க வந்த தச்சரோடு வாசல் வரை போக விட்டார்கள். கரிக்கட்டையாகத் தெரிந்த ஓர் உத்திரத்தை அவர் உளியால் சுரண்டிக் காட்டினார். விரல் ஆழத்துக்குக் கீழே மரம் செக்கச் செவேலென்று இருந்தது. உள்ளூர்ச் செங்கால் மரம். (நம் செங்கல்லோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், மலாய்ப் பெயரே அப்படி.) கெட்டி மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் கரியும், மேலே படிந்த கரியே உள்ளே இருப்பதைக் காக்கும். நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான்: கறுப்புக்குள் ஒரு கை அகலச் சிவப்பு, மேலே தச்சரின் கட்டைவிரல்.

இன்னொன்றும் நடந்தது. முகப்பைச் சீரமைக்க வந்த கட்டடக் கலைஞர், எரிந்துபோன ஜன்னல் கதவுகளில் காற்றுக்காகச் சாய்வாகப் பதித்த சாய்பலகை எத்தனை இருந்தது என்று தெருவெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை. நான்கு வருடத்துக்கு முன் புது லென்ஸ் வாங்கிய மறுநாள், கூர்மையாக விழுகிறதா என்று பார்க்க அந்த ஜன்னலைத்தான் குறிவைத்து எடுத்திருந்தேன். மொட்டை வெயிலில் எடுத்த, எந்தக் கலையும் இல்லாத படம். அழிக்காமல் வைத்திருந்தது என் சோம்பலால்தான். அவர் அதைப் பெரிதாக்கி உட்கார்ந்து எண்ணினார். எரிந்த விடியலில் எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்களை அவர் கேட்கவே இல்லை. அதனால் நீங்கள் கேமராவோடு பழைய தெருக்களில் சுற்றுகிறவர் என்றால், ஒரு நாள் முகப்புகளை நேராக, சப்பென்று எடுத்து வையுங்கள்.

பாய் இப்போது இரண்டு தெரு தள்ளிக் கடை போட்டிருக்கிறார். இன்சூரன்ஸில் கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்று இன்னமும் முனகுகிறார். கடையிலிருந்து அவர் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது தையல் எந்திரத்தை அல்ல, வாடிக்கையாளர் அளவு எழுதிய நீள நோட்டுப் புத்தகத்தை. போன பொங்கலுக்குச் சட்டை தைக்கப் போனபோது, ஓரம் பழுப்பேறிய அந்த நோட்டைப் புரட்டி என் பழைய அளவைத் தேடி எடுத்தார். அப்புறம் நாடாவை என் வயிற்றைச் சுற்றிப் போட்டு, நோட்டை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார்.

“தம்பி, இதையும் ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க.”