அச்சம் இருப்பதாலேயே நம்பிக்கை இருப்பதாகுமா?

வழிபாட்டை நிறுத்தி ஓராண்டான பிறகும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது தெய்வத் தண்டனையோ என்று நெஞ்சு பதறுவதாகவும், அப்படியானால் உள்ளூர இன்னும் நம்புகிறீர்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பதற்றத்தை நம்பிக்கைக்கான சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சிறுவயதில் தண்டனையோடு பிணைத்துச் சொல்லித்தரப்பட்டவை, அறிவு அவற்றை ஏற்க மறுத்த பின்னும் நெடுநாள் தங்கிவிடும். அச்சம் எழுந்ததும் ஒரு வேண்டுதலை முணுமுணுக்கிறோம், மனம் அடங்குகிறது, மறுநாள் காய்ச்சல் தானாகவே தணிந்தாலும், வேண்டியதால்தான் தணிந்தது என்று மனம் கணக்கெழுதிக்கொள்கிறது. வேண்டாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க அந்த ஆறுதல் இடங்கொடுப்பதே இல்லை.

சமயத்தின் முதன்மையான அடித்தளம் அச்சமே என்று 1927இல் ஆற்றிய உரையில் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல் கூறினார். பசிபிக் கடலிலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் உப்பங்கழி மீன்பிடிப்புக்கு மந்திரச் சடங்கு இல்லை, ஆபத்தான கடல் மீன்பிடிப்புக்கு மட்டும் அது விரிவாக உண்டு என்று மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பதிவுசெய்ததும் அதற்கு வலுச்சேர்க்கிறது. ஆயினும் ரஸல் சொன்னது எனக்குப் பாதி உண்மைதான். நரக அச்சத்தால் வணங்குவதையே மறுத்தவராக, 8ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ராவில் வாழ்ந்த சூஃபி பெண் ஞானி ராபியா போற்றப்படுகிறார். (சொர்க்க ஆசையால் வணங்குவதையும் அவர் மறுத்தார்.)

ஆகவே, தண்டனையே கிடையாது என்று உறுதியானாலும் வழிபட விரும்புவீர்களா என்று காய்ச்சல் இல்லாத ஒரு நாளில் யோசித்துப் பாருங்கள். இவ்வெண்ணங்கள் நாள்தோறும் மணிக்கணக்கில் அலைக்கழித்தால், அது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வடிவமாக இருக்கக்கூடும்; சிகிச்சை உண்டு, மனநல மருத்துவரை அணுகுங்கள்.