பழைய குறிப்பை அழிக்காதீங்க, மொதல்ல அதுல தேதி போடுங்க

கேள்வி: சின்ன வெப்சைட் ஆபீஸ்ல சேந்து ஆறு மாசம் ஆகுது. ஏழெட்டு ஸ்கூல், காலேஜ் சைட்டு ட்ரூபல்ங்கிற வெப்சைட் சாஃப்ட்வேர்ல ஓடுது, பாதி அதோட வெர்ஷன் 7-ல இருந்து 10-க்கு மாத்துனது. குறிப்பெல்லாம் வேர்டு ஃபைல்ல கொஞ்சம், கூகுள் டாக்ஸ்ல கொஞ்சம், வாட்ஸப்ல கொஞ்சம், மிச்சம் சீனியர் அண்ணாச்சி மண்டைக்குள்ள. ஒழுங்குபடுத்துற வேலைய என்கிட்ட குடுத்துட்டாவ. புதுசா எழுதவா, இருக்கதைத் திருத்தவா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம். மொதல்ல எது எந்த வெர்ஷனுக்கு உள்ளதுன்னு கண்டுபிடிங்க. 2011-ல வந்த 7-க்கு 2025 ஜனவரி 5 வரைக்கும் சப்போர்ட் இருந்துச்சு, அதனால எங்க தொறந்தாலும் 7-க்கு எழுதுனது தான் கெடக்கும், ஆனா 2015-ல 8 வந்தப்பவே உள்ள எல்லாம் மாறிட்டு.

நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடிச்சுப் போட்டிருந்த வருஷங்கள்ல வெளியூர்க்காரங்க பழைய ஞாபகத்துல அங்கன வந்து எறங்கி பஸ்ஸைத் தேடுவாவ. வழி சொன்னவங்க பொய் சொல்லல, எப்ப உள்ள வழின்னு தான் சொல்லல.

கேஷ், அதாவது சைட்டு வேகமா ஓட சேத்து வச்சிருக்க தற்காலிக நகலை, கிளியர் பண்ண 'ட்ரஷ் சிசி ஆல்'னு (ட்ரஷ்ங்கிறது ட்ரூபலுக்கு கமாண்டு அடிக்கிற டூல்) பழைய ஃபைல்ல இருக்கும், இப்ப அடிச்சா எரர் வந்து வேற கமாண்டு போடுன்னு அதுவே சொல்லிரும், அதுல பெரிய பொல்லாப்பு இல்ல. வேலை செய்யுத மாதிரியே இருக்க தப்பு தான் ஆளைக் கவுத்திரும். நான் ஒரு சைட்டுல பழைய குறிப்பைப் பாத்து மாட்யூல் (சைட்டுக்குக் கூடுதல் வசதி குடுக்குத துண்டு) ஜிப்பை எறக்கி 'சைட்ஸ் ஆல் மாட்யூல்ஸ்' ஃபோல்டருக்குள்ள போட்டேன், அருமையா ஓடுச்சு, ஆனா அந்த சைட்டு கம்போசர்ல (மாட்யூலை எல்லாம் எறக்கி அப்டேட் பண்ணுத டூல்) ஓடுத சைட்டு, கம்போசருக்கு இப்படி ஒரு மாட்யூல் இருக்கதே தெரியாது, அதனால அதுக்கு மட்டும் அப்டேட்டே வரல, அடுத்த பெரிய அப்டேட்ல சைட்டு மொத்தமா படுத்துட்டு. காரணம் கண்டுபிடிக்க ஒரு முழு ராத்திரி ஆச்சு. அந்தக் குறிப்பு தலைல '7-க்கு மட்டும்'னு ஒரு வரி இருந்திருந்தா போதும்.

அதனால ஒரு ஷீட்டு போடுங்க. ஒரு குறிப்புக்கு ஒரு வரி: எங்க இருக்கு, எந்த வெர்ஷன், எந்த சைட்டு, கடைசியா யாரு எப்ப செஞ்சு பாத்தது. இந்தக் கடைசி கட்டம் தான் ரொம்ப முக்கியம், முக்கால்வாசி காலியா தான் இருக்கும், பயப்படாதீங்க. 7-க்கு உள்ளதைத் தனி ஃபோல்டர்ல போட்டு வைங்க, அழிச்சிராதீங்க, ஒரு ஃபீல்டுக்கு (தகவல் போடுத கட்டத்துக்கு) ஏன் அந்தப் பேரு வச்சாவன்னு பின்னால தேட வேண்டி வரும். ஒண்ணு மறந்திராதீங்க, இப்படிக் கிளறும்போது குறிப்புக்குள்ள பாஸ்வேர்டு கெடக்கும், பாத்த அன்னைக்கே அதை எடுத்துட்டு பாஸ்வேர்டையும் மாத்திருங்க.

அப்புறம் எல்லாத்துக்கும் ஒரே வீடு. கோடு இருக்க கிட்லயே (கோடுல யாரு எப்ப என்ன மாத்துனாவன்னு பதிஞ்சு வைக்குத டூல்) ஒரு ஃபோல்டர்ல வைக்கச் சொல்லுவேன், கோடை மாத்துதவங்க அதே கையோட குறிப்பையும் மாத்திருவாவ. காலேஜ் ஆபீஸ்ல நோட்டீஸ் ஏத்துத கிளார்க்குக்கு உள்ளது மட்டும் தனியா, படத்தோட இருக்கட்டும், அவங்களுக்கு கம்போசர் கதையெல்லாம் எதுக்கு?

எதை மொதல்ல திருத்தன்னு கேட்டா, வாட்ஸப் குரூப்புல மூணு மாசமா என்ன கேள்வி திரும்பத் திரும்ப வருதுன்னு பாருங்க, அது தான் வரிசை. ஆனா பேக்கப் எடுக்கதும் அதைத் திருப்பி ஏத்துததும் யாரும் கேக்காட்டாலும் மொதல்ல வரணும்.

அண்ணாச்சிகிட்ட எழுதித் தாங்கன்னு கேக்காதீங்க, வேலைக்கு நடுவுல அவங்களால முடியாது. அவங்க பேக்கப் எடுக்கும்போது பக்கத்துல உக்காந்து நீங்க எழுதுங்க. அடுத்த தடவை அந்தக் காகிதத்தை மட்டும் பாத்து நீங்க செய்யுங்க, அவங்க சும்மா உக்காந்து பாக்கட்டும். "எம்மா, அதை அமுக்காத"ன்னு அவங்க வாய் தொறக்க எடத்துல எல்லாம் ஒரு வரி விட்டுப் போயிருக்கு, அதை அங்கனயே எழுதி, கீழ அன்னைக்குத் தேதியைப் போட்டுருங்க.